சாம்பல் பார்த்த தவ்கின்

எங்கள் தாஷ்வான் ஊரின் அரசாங்கக் குளியல் கூடத்தில் தவ்கின் அடுப்பெரித்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் மேல்சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. ஊரே கம்பளிக்குள் புதைந்து நடக்கும் கடுங்குளிரிலும் அவன் வெற்று மார்போடு வாசலுக்கு வந்து நிற்பான். பனிக்கட்டி வெட்டப் போகும் பெண்களை, என்னையும் சேர்த்து, வம்புக்கு இழுக்காமல் விடமாட்டான்.

"என்ன நிமேரா, உன் புருஷன் தெற்க வெயில் காயறானாம். நீ இங்க மூக்கு ஒழுக நிக்கிற."

"உங்களுக்கென்னண்ணே, அரசாங்க விறகு. எரிக்கிறீங்க, பேசறீங்க."

"விறகுதான் அரசாங்கத்தோடது. பேச்சு என்னோடது."

தோல்காரத் தெருவில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவனுடையது. மனைவி இல்தா. பிள்ளை இல்லை. இல்தா குறைவாகப் பேசுவாள், பேசினால் காயம்படும். இருவரும் ஒத்துப்போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் பேசியதையெல்லாம் அவள் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை.

என் மகள் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தபோது பேரரசர் இறந்துபோன செய்தி வந்தது. அது நடுக்குளிர்காலம்.

வெரேன் பேரரசில் அரசர் இறந்தால் அவர் காலத்து நெருப்பும் அவரோடு போக வேண்டும். எந்த மாகாணத்திலும் எந்த வீட்டிலும் ஒரு கங்கு மிஞ்சக்கூடாது. புதியவர் அரியணை ஏறித் தன் கையால் மூட்டும் நெருப்பை இரும்புப் பெட்டிகளில் எடுத்துக்கொண்டு குதிரைக்காரர்கள் மாகாணங்களுக்குப் புறப்படுவார்கள். அது வந்து சேர்ந்த பிறகுதான் அடுப்பு மூட்டலாம். இதற்கு முந்தைய அரசர் இறந்தது கோடையில். அந்த நாட்களைப் பெரியவர்கள் திருவிழாபோல நினைவு வைத்திருந்தார்கள். தயிரும் பச்சை வெங்காயமும் தின்றுகொண்டு ஏரிக்கரையில் படுத்துக் கிடந்தார்களாம்.

இந்த முறை சிப்பாய்கள் தெருத்தெருவாக வந்து அடுப்புகளில் பனியைக் கொட்டினார்கள். புதுநெருப்பு சீக்கிரம் வந்துவிடும் என்று பறை அறைந்தார்கள். பிறகு செர்க் கணவாயில் பனி சரிந்து பாதை மூடிவிட்டது என்ற செய்தி வந்தது. அதற்குப் பிறகு பறைக்காரன் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

எங்கள் யெர்கோல் மாகாணத்தில் மரம் கிடையாது. மேட்டு நிலம், உப்பு ஏரி, ஓயாத காற்று. ஆட்டுப்புழுக்கை வறட்டிதான் எங்களுக்கு விறகு. அது இல்லையென்றால் ஆடுகளே கணப்பு. எல்லா வீட்டிலும் ஆடுகளைப் படுக்கையறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பனிக்கட்டியைத் தோல்பைகளில் போட்டு ஆடுகளுக்கு நடுவில் செருகிவைத்தால் காலையில் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்கும். வாற்கோதுமை மாவை அந்தத் தண்ணீரில் குழைத்து, உலர்ந்த தயிர்க்கட்டியைக் கடித்துக்கொண்டு விழுங்கினோம். பெரியவர்களுக்கு அது போதும். என் குழந்தைக்குப் போதவில்லை. எனக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. குழந்தையின் விரல் நுனிகள் நீலம் பாரித்தன.

சிப்பாய்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் ஒரு கங்கை எடுத்து ஆழமான சட்டியில் சாம்பலுக்கடியில் புதைத்துவைத்திருந்தேன். அவர்கள் போனதும் அதை அடுப்புக் குழிக்கே மாற்றி, வறட்டித் துண்டு வைத்து, மேலே சாம்பலை மூடி வளர்த்தேன். புகை வராது. கையை வைத்தால்தான் தெரியும்.

கையை வைத்துப் பார்க்கவும் சட்டத்தில் ஆள் உண்டு. காலையில் வீடு வீடாகப் போய் அடுப்புச் சாம்பலுக்குள் வெறும் கையை விட்டு, சூடு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் உள்ளூர்க்காரனாக இருக்க வேண்டும். கூடவே அரசச் சாட்சி வருவார். ஆளுநருக்குக் கட்டுப்படாமல் நேராகத் தலைநகருக்கு மட்டும் பதில் சொல்கிறவர் அவர். எங்கள் மாகாணத்துக்கு வந்திருந்தவர் ஒரு பெண். நாங்கள் சாட்சியம்மா என்போம். எந்த வீட்டில் சூடு இருக்கிறதோ அந்த வீட்டின் கூரையைப் பிரித்துவிடுவார்கள். குளிர்காலத்தில் யெர்கோலில் கூரை போனால் என்ன ஆகும் என்பது அந்தச் சட்டத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

குளியல் கூடம் அணைந்து கிடந்ததால் தவ்கினுக்கு வேலை இல்லை. சாம்பல் பார்க்க வரச்சொல்லிக் கோட்டையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். மறுக்கப் பார்த்திருக்கிறான். "உனக்கு இப்ப வேற என்ன வேலை கெடக்கு?" என்று சிப்பாய்த் தலைவன் கேட்டானாம். அதோடு முடிந்தது. இதை இல்தா என்னிடம் சொன்னபோது, "வாயி நீளமா இருந்து என்ன. வேண்டிய எடத்துல வரல," என்றாள்.

எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்த அன்று வெயில் நன்றாக அடித்தது. முதலில் சாட்சியம்மா குனிந்து நுழைந்தார். வெயில் நாட்டிலிருந்து வந்தவர். மூக்கு நீலமாகியிருந்தது. உதட்டில் வெடிப்பு. ஆளுநர் அனுப்பிய ரோம மேலங்கியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை என்று ஊரில் பேச்சு. அவருக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள், கூட நிற்க அடுத்த வீட்டுக்காரி. கடைசியில் தவ்கின். அன்றுதான் அவனை மேல்சட்டையோடு பார்த்தேன். அது அவனுக்குப் பொருந்தவில்லை.

"கையை விடு," என்றார் சாட்சியம்மா.

அவன் முட்டிபோட்டு உட்கார்ந்து சாம்பலுக்குள் வலது கையை விட்டான். மணிக்கட்டுவரை போனது. அங்கே நின்றது. நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் தலை நிமிரவில்லை. கங்கு அவன் உள்ளங்கையில் பட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அதை எங்கே வைத்தேன் என்பது எனக்குத்தானே தெரியும். கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. கை நகரவில்லை.

"என்ன?" என்றார் சாட்சியம்மா.

அவன் மெதுவாகக் கையை எடுத்துச் சாம்பலைத் தட்டினான். "இந்த அடுப்பு என் மாமியா மனசு மாதிரிம்மா. சில்லுன்னு கெடக்கு."

ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். சாட்சியம்மா சிரிக்கவில்லை. தவ்கின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு வாசல் நிலையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். போகும்போது தவ்கின் என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று பிற்பகல் இல்தா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"உன் வீட்டுலதானே?" என்றாள்.

"என்னக்கா?"

"நடிக்காத. அவரு உள்ளங்கை வெந்து தோலு வழண்டு கெடக்கு. நான் எங்க வீட்டுல பல்லு கிட்டிப்போயி ஆட்டைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். சாம்பல் பாக்கறவன் வீட்டுல நெருப்பு வச்சா நல்லாவா இருக்கும்னு. நீ இங்க குளிர் காயற. நாளைக்கு இது வெளிய தெரிஞ்சா முதல்ல எந்தக் கூரை போவும்? சொல்லு."

அவள் அடுப்பருகே போனாள். காலால் மிதித்து அணைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்தாள். சாம்பலின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். குழந்தை அழுதது. அவள் திரும்பிப் பார்க்காமலே, "அதை இங்க குடு," என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். எழுந்து போகும்போது, "நாளைக்கும் வருவேன்," என்றாள்.

சட்டப்படி ஒவ்வொரு வீட்டிலும் சாம்பல் பார்க்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் கூட நிற்க வேண்டும். அதனால் மறுமுறை அடுத்த வீட்டில் அவர்கள் பார்த்தபோது நானும் நின்றேன். தவ்கின் இடது கையை நீட்டினான்.

"போன தடவை வலது கை," என்றார் சாட்சியம்மா.

"ஆமாம்மா. ஒரே கைக்குக் குளிரைக் குடுத்தா இன்னொரு கை கோவிச்சுக்கும்."

"வலது கையைக் காட்டு."

அவன் கையுறையோடு நீட்டினான். அதைக் கழற்றச் சொல்வாரோ என்று பயந்தேன். அந்த நேரத்தில் அந்த வீட்டு ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு சிப்பாயின் காலுக்கடியில் புகுந்தது. அவன் தடுமாறி விழுந்தான், எல்லோரும் அவனைத் தூக்கினார்கள். அமளி அடங்கியபோது சாட்சியம்மா கதவைத் தாண்டியிருந்தார். மறந்தாரா, விட்டுக்கொடுத்தாரா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

என் வீடு மட்டுமல்ல என்பது மெல்லத் தெரிந்தது. பிரசவமான வீடு, காய்ச்சல்காரர் இருந்த வீடு என்று பல அடுப்புகளில் அவன் கை வெந்திருக்கிறது. யாரும் வாய் திறந்து பேசவில்லை. ஆனாலும் தவ்கின் எப்போதும் சில்லென்றுதான் சொல்வான் என்ற நம்பிக்கை எப்படியோ தெருவுக்குள் பரவிவிட்டது. அங்கேதான் வந்தது வினை.

தெருக்கோடியில் கம்பளி அடிக்கும் கத்ரூ இருந்தான். முரடன், ஆனால் அண்ணன் மோனிடம் மட்டும் உயிரையே வைத்திருந்தான். மோனுக்கு நெஞ்சுச் சளி. அவனுக்குச் சூடாக இறைச்சிச் சாறு கொடுக்க வேண்டும் என்று கத்ரூ பட்டப்பகலில் பானை ஏற்றிவிட்டான். எங்கள் ஊரில் எப்போதும் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், எந்தப் புகையும் நிலைக்காது. அன்று காலை காற்று விழுந்துவிட்டது. அவன் கூரைமேல் புகை நூல் பிடித்ததுபோல நேராக எழுந்து நின்றது. தாஷ்வான் முழுக்கப் பார்த்தது. கோட்டையும் பார்த்தது.

அவர்கள் வந்தபோது தெருவே கத்ரூ வாசலில் கூடிவிட்டது. கதவு திறந்து கிடந்ததால் உள்ளே நடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அடுப்பின் மேல் பானை. பானையிலிருந்து ஆவி. மோன் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தான், கையில் கிண்ணம்.

"கையை விடு," என்றார் சாட்சியம்மா.

தவ்கின் ஆவியைப் பார்த்தான். மோனைப் பார்த்தான். எப்போதும் எதையாவது சொல்கிற வாய் அன்று திறக்கவே இல்லை.

"சொல்லு."

"இருக்கு," என்றான் தவ்கின்.

கூரையைப் பிரிக்க அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் நாட்டில் உத்தரம் என்பது பாட்டன் காலத்துச் சொத்து, தெற்கிலிருந்து இழுத்துவந்த மரம். சிப்பாய்கள் அவற்றைக் கோட்டைக்குத் தூக்கிப் போனார்கள். கத்ரூவின் பெண்டு பிள்ளைகளை இரண்டு வீட்டார் பங்கிட்டுக்கொண்டார்கள். மோனையும் அந்த வீடுகளில் ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் அதற்குள் அவன் வெளியில் கிடந்த நேரம் போதுமானதாக இருந்தது. அவன் பிழைக்கவில்லை.

அதன் பிறகு தவ்கின் தெருவில் நடந்தால் பெண்கள் காறித் துப்பினார்கள். யாரோ அவன் கதவில் சாணியை அடித்தார்கள். அவன் கையால் பிழைத்திருந்தவர்கள் யாருமே ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அவரவர் கூரை போகும், அவன் கூரையும் போகும்.

ஒருநாள் காலை அவன் என் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அணைச்சுடு தங்கச்சி."

"குழந்தை செத்துப்போகுமே அண்ணே."

"தெரியும். இருந்தாலும் சொல்றேன். அடுத்த தடவை என் வாயி எந்தப் பக்கம் பேசும்னு எனக்கே தெரியல."

நான் அணைக்கவில்லை.

மோனை அடக்கம் செய்த அன்றுதான் நிலைமை மாறியது. நிலம் கல்லாக உறைந்திருந்தது, தோண்ட முடியாது. கல்லடுக்கி மூடினோம். திரும்பும் வழியில் கத்ரூ தெருப் பக்கம் போகாமல் கோட்டைச் சரிவில் ஏறினான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனால் எல்லோரும் பின்னால் ஏறினோம். ஆளுநர் மாளிகை வாசலில் சாட்சியம்மா சிப்பாய்களோடு வந்துகொண்டிருந்தார். தவ்கினும் இருந்தான், அன்றைய தெருவுக்குப் புறப்படுகிற நேரம்.

கத்ரூ அவர் எதிரே போய் நின்றான். குரல் உயர்த்தவில்லை.

"அம்மா, எல்லா வீட்டுலயும் பாத்தீங்க. இந்த வீட்டுல பாத்தீங்களா?"

சாட்சியம்மா உடனே பதில் சொன்னார். "இல்லை."

"ஏன்?"

"ஆளுநர் வாக்குக் கொடுத்தார். அது போதும்னு நெனச்சேன்."

"நானும் வாக்குக் குடுத்திருப்பேனே. எங்கிட்ட யாரு கேட்டா?"

சிப்பாய்கள் ஈட்டியை மாற்றிப் பிடித்தார்கள். அவர்களும் குளிரில் கிடந்தவர்கள்தான், பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பையன்கள். சாட்சியம்மா மாளிகையை நிமிர்ந்து பார்த்தார்.

"இவன் கேட்டது சரி. சட்டத்துல இந்த வீட்டுக்கு விலக்கு இல்ல. கதவைத் திறங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "பக்கத்து வீட்டார் ஒருத்தர் கூட நிக்கணும்."

"கைக்குழந்தைக்காரி போகட்டும். அவளை அடிக்க மாட்டாங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள்.

அந்த வீட்டுக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. ஆளுநர் பெலிசான் கூடத்தில் நின்றிருந்தார். தடித்த, வெளுத்த மனிதர். அவர் எங்கள் மாகாணத்துக்கு வந்த நாள்முதலே திரும்பிப் போகும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார் என்பார்கள். சமையலறை அடுப்பில் தவ்கின் இடது கையை விட்டான். உண்மையிலேயே ஆறிக் கிடந்தது. படுக்கையறை, விருந்தறை எல்லாம் அப்படியே. ஆளுநரின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

"அந்தக் கதவு?" என்றார் சாட்சியம்மா.

"அது செடி வைக்கிற எடம். அடுப்பெல்லாம் இல்ல."

"திறங்க."

அறைக்கு மேலே கண்ணாடிக் கூரை. தொட்டிகளில் பச்சைப்பசேலென்று மரங்கள், ஆள் உயரம், கிளையெல்லாம் மஞ்சள் காய்கள். எலுமிச்சையை நான் அன்றுதான் மரத்தில் பார்த்தேன். அந்த வாசனை எனக்கு இன்றும் பிடிக்காது. உள்ளே கால் வைத்ததுமே என் மகள் சிணுங்குவதை நிறுத்தினாள். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து விரல்களை விரித்தாள். குளிர் தொடங்கியதிலிருந்து அவள் அப்படிச் செய்ததே இல்லை. சாட்சியம்மா அந்தக் கையைப் பார்த்தார்.

தொட்டிகளுக்கு நடுவில் ஒரு கணப்புச் சட்டி, மேலே சாம்பல் மூடி.

"எங்க ஊர் மரம்," என்றார் ஆளுநர். "ஒரு நாள் குளிர் பட்டாலும் போயிடும். வேற ஒண்ணுக்கும் இல்ல."

"கையை விடு," என்றார் சாட்சியம்மா. "வலது கையை."

தவ்கின் கையுறையைக் கழற்றினான். உள்ளே துணிக்கட்டு. அதையும் அவிழ்த்தான். உள்ளங்கை முழுக்கச் சிவந்த புண், மேலே ஆறின தழும்பு, அதன் மேல் புதுப் புண். இத்தனை வீடுகளில் சில்லென்று சொன்ன கை அது. சாட்சியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் தெருவில் பாதிக் கூரைகள் இறங்கிவிடும்.

அவன் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கையைச் சாம்பலுக்குள் விட்டான். வெளியே கூட்டத்தின் முணுமுணுப்பு கேட்டது. அவன் என்ன நினைத்தான் என்று பிற்பாடு இல்தா கேட்டிருக்கிறாள். சில்லென்று சொன்னால் கத்ரூ தன்னைக் கொன்றுபோடுவான், அதுவும் நியாயம்தான் என்று தோன்றியதாம். இருக்கிறது என்று சொன்னால் ஆளுநர் ஈட்டிக்காரர்களைக் கூப்பிடுவார், வாசலில் நிற்கும் ஊர் மேலே ஏறும், எத்தனை பேர் விழுவார்களோ என்று பயந்தானாம். அதற்கு மேல் யோசிக்கவில்லையாம், வாய்தான் பேசியதாம்.

"சூடு இருக்கும்மா," என்றான்.

ஆளுநர் ஓர் அடி முன்னால் வந்தார். "டேய்."

"ஆனா இது நம்ம ஊரு நெருப்பு இல்ல."

"என்ன சொல்றே?" என்றார் சாட்சியம்மா.

"அடுப்படியிலயே கெடந்தவன்மா நான். நம்ம நெருப்பு கையில பட்டாக் கடிக்கும். பாருங்க, எப்படிக் கடிச்சு வச்சிருக்குன்னு. இது கடிக்கல, தடவிக் குடுக்குது. இது புது அரசர் நெருப்பு. வந்து சேந்துடுச்சு. பிரபு ஊருக்குச் சொல்ல நல்ல நேரம் பாத்துக்கிட்டு இருக்காரு போல." கையை எடுக்காமலே ஆளுநரை நிமிர்ந்து பார்த்தான். "அப்படித்தானே பிரபு?"

ஆளுநரின் வாய் திறந்தபடி இருந்தது. தன் எதிரில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்பது அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. அவர் கண்ணாடிக் கூரையை ஒருமுறை பார்த்தார்.

"ஆமா," என்றார்.

"யார் கொண்டுவந்தது?" சாட்சியம்மா கேட்டார்.

"குதிரைக்காரன் ஒருத்தன்."

"எங்கே அவன்?"

"திரும்பிப் போய்ட்டான்."

"மூடிக் கிடக்கிற கணவாய் வழியா?"

ஆளுநர் தவ்கினைப் பார்த்தார். தவ்கின் தலை குனிந்தபடியே, "வரத் தெரிஞ்சவனுக்குப் போகத் தெரியாதாம்மா," என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை. கெஞ்சினான் என்றுதான் எனக்குப் பட்டது.

சாட்சியம்மா தன் கையுறையைக் கழற்றிக் கணப்புச் சட்டிக்கு மேலே கையை நீட்டினார். அவர் விரல்களும் எங்கள் விரல்களைப்போலவே வெடித்திருந்தன. மகள் என் தோளில் ஏதோ சத்தம் எழுப்பினாள்.

"நான் பார்த்ததைத்தான் தலைநகருக்குச் சொல்வேன்," என்றார் கடைசியில். "நெருப்பைப் பார்த்தேன். கொண்டுவந்தவனைப் பார்க்கல. ரெண்டையும் சொல்வேன். கணவாய் திறந்ததும் சொல்வேன். அதுக்கு முன்னால என் சொல் இந்த ஊரைத் தாண்டாது. புதுநெருப்பு வந்துடுச்சுன்னு அறிவிக்கிற அதிகாரம் ஆளுநருக்கு. அறிவிக்கிறதானா வாசல்ல ஆள் நிக்கிறாங்க."

பெலிசான் வெளியே போய்ப் படியில் நின்று அறிவித்தார். குரல் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. பின்னாலேயே சிப்பாய்கள் கணப்புச் சட்டியைத் தூக்கிவந்து வைத்ததும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சட்டியும் ஓடும் எடுத்துவர ஜனம் சரிவில் இறங்கி ஓடியது. அழுதவர்கள் உண்டு. நான் ஓடவில்லை. என் வீட்டில்தான் இருந்ததே.

கத்ரூ மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். தவ்கின் படியிறங்கி வந்தபோது வழியை மறித்தான். அருகில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"உள்ள என்ன சொன்னன்னு சிப்பாய்ப் பையன் சொன்னான். என் வீட்டுல அதை ஏன் சொல்லல?"

தவ்கின் கையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவதை நிறுத்தினான்.

"அப்ப தோணல," என்றான்.

கத்ரூ அடிப்பான் என்று நினைத்தேன். அவன் நெருப்பு வாங்காமலே இறங்கிப் போனான்.

மிச்சக் குளிர்காலம் முழுக்க நாங்கள் அடுப்பெரித்தோம், பயந்துகொண்டே எரித்தோம். பனி இறுகிக் கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் உண்டு. பனி அதையெல்லாம் கேட்குமா. ஏரி உடையத் தொடங்கிய பிறகு செர்க் கணவாயிலிருந்து குதிரைக்காரர்கள் இறங்கினார்கள். கால்விரல் போனவர்கள், மெலிந்த குதிரைகள், இரும்புப் பெட்டிக்குள் உயிரோடு நெருப்பு. ஊர்வாசலில் அவர்கள் கண்டது எல்லாக் கூரையிலும் புகை.

சாட்சியம்மா சொன்னபடியே சொன்னார், கூட்டாமல் குறைக்காமல். பெலிசானைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். எலுமிச்சை மரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், பாதி செத்திருந்தன. நாங்கள் ஒருநாள் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டுக் குதிரைக்காரர்களின் நெருப்பை வாங்கிக்கொண்டோம். வசந்தத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. பழைய நெருப்பைப் புதுநெருப்பு என்று சொன்னதற்காகத் தவ்கினைக் கோட்டைத் தானியக் கிடங்கில் பூட்டினார்கள்.

தலைநகருக்குப் புறப்படும் முன் சாட்சியம்மா கிடங்குக்குப் போனாராம். கம்பிக்குள்ளிருந்து கையைக் காட்டச் சொன்னாராம். காட்டியிருக்கிறான்.

"எத்தனை வீடு?"

"மறந்துபோச்சும்மா."

"நல்லது. யார் கேட்டாலும் மறந்தே இரு," என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவருக்குப் பிற்பாடு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் மாகாணத்துக்கு அவர் திரும்ப வரவில்லை.

புது ஆளுநர் இலையுதிர் காலத்தில் தவ்கினை விடுவித்தார். அரசாங்க அடுப்பு எதையும் அவன் தொடக்கூடாது என்று உத்தரவு. இல்தா கிடங்கு வாசலுக்குப் போய் அவனை அழைத்துவந்தாள். வழியெல்லாம் அவள் ஏதோ திட்டிக்கொண்டே வந்தாள், அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான். இளைத்திருந்தான். வலது கை முழுதாக மூடவில்லை. நான் எதிரே போய் மகளைக் காட்டினேன். நடக்கத் தொடங்கியிருந்தாள். அவன் அவள் கன்னத்தைக் கிள்ளினான்.

அந்த வாரமே கத்ரூவின் உத்தரங்களைக் கோட்டையிலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள். பனி விழுவதற்குள் கூரை ஏற வேண்டும். கத்ரூவும் அவன் மச்சானும் முதல் உத்தரத்தைச் சுவரில் ஏற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஆண்கள் பலர் மேய்ச்சலுக்குப் போயிருந்தார்கள். தவ்கின் தன் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து தெருக்கோடிக்கு நடந்தான். சுவரோரம் போய் நின்றான், எதையும் தொடவில்லை.

கத்ரூ மேலேயிருந்து அவனைப் பார்த்தான். மச்சான் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். உத்தரம் அவர்கள் தோளில் சரிந்துகொண்டிருந்தது.

"சும்மா நிக்கறதுக்கா வந்த?" என்றான் கத்ரூ. "அந்த முனையைப் புடி."

தவ்கின் இடது தோளைக் கொடுத்தான்.